கால்வாய்க்கு உறை ஊற்றிய வாரம்

ஐரோப்பாவில் தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடுகிற நகரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் நாளைக்கே கம்ப்யூட்டரைத் திறந்து தேடிப் பார்த்துவிட்டு அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். அந்த நகரத்தின் பெரிய கால்வாய் ஒரு கோடைக்காலத்தில் ஒரே இரவில் கரையிலிருந்து கரைவரை கெட்டித் தயிராக உறைந்துபோனது. அதற்குக் காரணம், திருப்பூரிலிருந்து ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்கப் போன சென்னியப்பனும் அவர் மனைவி மயிலாத்தாளும் ஒரு தூக்குப்போசித் தயிருக்காக ஜன்னலோரத்தில் போட்ட சண்டை. தண்ணீர் எப்படித் தயிராகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, உறை ஊற்றினால் ஆகும் என்பதுதான்.

சென்னியப்பன் பனியன் கம்பெனி நடத்தியவர். ஐரோப்பாக்காரர்கள் எத்தனையோ பேருக்கு உள்ளே போட பனியன் அனுப்பியவர், ஆனால் ஐரோப்பாவை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பனியன் வாங்குகிறவர்கள் ஃபோனில் பேசிய இங்கிலீஷ்: சாம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட், பிறகு எந்த வார்த்தையைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதோ அந்தக் கேன்சல். கம்பெனியை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். கொடுத்ததில் ஒரு காரியமும் இருந்தது. மகள் சுகந்தி மெல்போர்னில் முழுகாமல் இருந்தாள், இரட்டைப் பிள்ளை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் யுவராஜ் கோயமுத்தூரில் ஃப்ளாட் வாங்கியிருந்தான். அண்ணனும் தங்கையும் ஃபோனில் பேசி, அம்மா உனக்கு, அப்பா எனக்கு என்று, பாகம் பிரிக்கிறபோது அண்டாவையும் குண்டாவையும் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டார்கள். திருப்பூர் வீட்டைப் பூட்டியாகிவிட்டது. ஒரு வாரம் சோடியாகச் சுற்றிவிட்டு, கடைசி நாள் அந்த ஊர் ஏர்போர்ட்டிலேயே மயிலாத்தாள் ஒரு விமானத்திலும் சென்னியப்பன் வேறொரு விமானத்திலும் ஏற வேண்டும், மறுபடி எப்போது பார்ப்பது என்பது இரட்டைப் பிள்ளைகள் நடந்து, ஓடி, பள்ளிக்கூடம் போகிற வேகத்தைப் பொறுத்தது.

இதில் மயிலாத்தாளுக்குச் சம்மதமா என்று சென்னியப்பன் கேட்கவில்லை. சென்னியப்பனுக்குச் சம்மதமா என்று மயிலாத்தாளும் கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, மோட்டாரை நிறுத்தியாச்சா என்ற மூன்று கேள்வியிலேயே குடும்பத்தை ஓட்டிய சோடி அது. பெற்ற மகளின் பேறுகாலத்துக்குப் போகிறவளைப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது என்று அவர் நினைத்தார். போகாதே என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வராதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டும்போது சேலைகளுக்கு நடுவே இரண்டு எவர்சில்வர் தூக்குப்போசிகளைச் சொருகினாள். ஒன்றில் வீட்டுத் தயிர், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாளும் உறை விட்டுப்போகாமல் அவள் காப்பாற்றி வந்த தயிர். இன்னொன்று காலி. கடைசி நாளன்று அதில் பாதியை ஊற்றி அவர் கையில் கொடுப்பதாக நினைப்பு. ஆஸ்திரேலியாக்காரன் தயிரை உள்ளே விடுவானா என்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

கால்வாய்க் கரையில் ஒரு ஒல்லி வீட்டின் உச்சி அறையில் இறங்கினார்கள். அந்த ஊர் வீடுகளில் மாடிப்படி, ஆள் ஏறினால் பெட்டி ஏறாது, பெட்டி ஏறினால் ஆள் ஏறமுடியாது என்ற அளவில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் ஒரு இரும்புக் கொக்கி, அதில் ஒரு வடக்கயிறு, சாமான்களெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் ஏறும். வீட்டுக்காரி பெட்ரோனெல்லா, எழுபதைத் தாண்டிய ஆஜானுபாகு, கோயமுத்தூர் என்று சீட்டு ஒட்டிய பெட்டியை ஒரு இழுப்பிலும் மெல்போர்ன் என்று சீட்டு ஒட்டிய பெட்டியை இன்னொரு இழுப்பிலும் ஏற்றிவிட்டாள். அவ்வளவு நீளப் பெயர் மயிலாத்தாளின் வாயில் நுழையாததால் அன்றைக்கே அவள் நெல்லாக்கா ஆனாள். நெல்லாக்காவின் ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பு வித்தை இருந்தது. அவள் தன் பாஷையில் பேசினால் அது தமிழில் பேசும், ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பதுபோலப் பேசும்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் ஜன்னலோரத்தில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த வாசம் படியிறங்கிக் கீழே போயிற்று. நெல்லாக்கா மூச்சு வாங்க ஏறி வந்து ஃபோனை நீட்டினாள்.

"தங்களது வெண்ணிற உணவில் ஒரு தேக்கரண்டி அளவு எனக்கு வழங்க இயலுமா?" என்றது ஃபோன்.

"குடு அம்மிணி, ஆசையாக் கேக்கறாங்கல்லொ," என்றார் சென்னியப்பன்.

"வெளக்கு வெச்ச பொறகு தயிர வெளிய குடுக்கக் கூடாதுங்."

விளக்கு வைத்த பிறகு தயிரோ உப்போ ஊசியோ வீட்டை விட்டு வெளியே போனால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்பது மயிலாத்தாள் ஒரு நாளும் மீறாத சட்டம். ஆனால் அந்த ஊர்க் கோடைக்காலத்தில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகிற எண்ணமே கிடையாது.

"எங்க வெளக்கு வெச்சே? பொழுது அங்க நிக்குது பாரு," என்று சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"கடியாரத்தப் பாருங். மணி ஒம்போதாச்சு. நம்மூருல இந்நேரம் நடுச்சாமமுங்."

"கடியாரம் மனுசன் பண்ணுனது. பொழுது சாமி பண்ணுனது."

"அந்தச் சாமிக்கு இந்த ஊருல புத்தி கெட்டுப்போச்சுங்."

அவர் போசியின் கைப்பிடியைப் பிடித்தார். அவள் அடியைப் பிடித்தாள். விடு என்றார் அவர், நீங்க விடுங் என்றாள் அவள். அவர் இழுக்க, அவள் இழுக்க, நெல்லாக்கா இரண்டு பேருக்கும் நடுவில் தேக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூடி தெறித்து, போசி ஜன்னல் கட்டையில் ஒரு தட்டுத் தட்டி, அத்தனை வருஷத்து உறையோடு கீழே கால்வாயில் விழுந்து முழுகியது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்துக்கொண்டார்கள். கோடைச் சூட்டில் தண்ணீர் பால் பதத்துக்குக் கதகதப்பாக இருந்தது, படகுகள் நின்றுவிட்டன, அசைக்க ஆள் இல்லை, விடிவதற்குள் நன்றாக உறைந்துவிட்டது.

காலையில் ஜன்னலைத் திறந்த மயிலாத்தாள் தயிரைப் பார்த்தாள். மேலே லேசாக மஞ்சள் ஆடை கட்டி, பாலங்களுக்கு அடியில் புகுந்து, வளைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தயிர். வாத்துகள் கால் புதைந்து, காலை உதறி, மறுபடி புதைந்து நடந்துகொண்டிருந்தன. "ஆடை நல்லாப் புடிச்சிருக்குதுங்," என்றாள், முந்தின நாள் சண்டையை மறந்து. சென்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கே உறை ஊத்திப்போட்டயே மயிலா," என்றார்.

ஊர்க்காரர்கள் அலறவில்லை, ஓடவில்லை. முதலில் ஒரு நாய் நக்கிப் பார்த்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று கொஞ்ச நேரம் காத்திருந்து உறுதி செய்துகொண்டு நாயின் சொந்தக்காரர் நக்கினார். பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பையிலிருந்து கரண்டியை எடுத்தார்கள். அந்த ஊரே மாடும் பாலும் தெரிந்த ஊர், அதனால் இது எப்படி வந்தது என்பதைவிட இதை எதோடு சாப்பிடுவது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. கால்வாயின் வெயில் பக்கத்து வரிசைக்கும் நிழல் பக்கத்து வரிசைக்கும் ஏற்கெனவே பாலத்துக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது வெயில் பக்கத்தார் ஜாம் போட்டுத் தின்றார்கள், நிழல் பக்கத்தார் உப்பும் வெள்ளரிக்காயும் போட்டுத் தின்றார்கள், ஒருவர் தின்பதைப் பார்த்து ஒருவர் முகத்தைச் சுளித்தார்கள். செய்தித்தாள் விஷயத்தை மூன்றாம் பக்கத்தில் போட்டது, முதல் பக்கத்தில் சைக்கிள் நிறுத்துவதில் நடந்த தகராறு இருந்ததால் இடமில்லை. கால்வாய்க்குள் கண்டதும் கிடக்குமே என்று நீங்கள் மூக்கைப் பிடிப்பது எனக்குத் தெரிகிறது, என்ன செய்வது, பாலோ தண்ணீரோ உறைந்த பிறகு தயிர் தயிர்தான்.

நகராட்சி இஞ்சினியர் ஹென்ட்ரிக், தென்னைமர உயரம், நீளக் கழி ஒன்றை ஊன்றிப் பார்த்து, அது சாயாமல் நிற்பதைக் கண்டு தலையை ஆட்டி, ஒரு விரல் எடுத்து வாயில் வைத்து, "தயிர்" என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார். நெல்லாக்கா நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். யாராவது போலீசைக் கூட்டிக்கொண்டு வருவார்களோ என்று சென்னியப்பன் பாஸ்போர்ட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களெல்லாம் படியேறி வந்து, தங்கள் தயிர் மிகவும் நன்று, நாங்கள் உண்ணலாமா என்று ஃபோன் வழியாக அனுமதி கேட்டுவிட்டுப் போனார்கள். உறை யாருடையதோ தயிர் அவர்களுடையது என்பது அந்த ஊரில் யாரும் சொல்லாமலே சட்டமாகிவிட்டது. மயிலாத்தாளும் ஒரு கயிற்றில் காலிப் போசியைக் கட்டி ஜன்னல் வழியே இறக்கி, தன் தயிரைத் தானே ஒரு போசி மொண்டு எடுத்து வைத்துக்கொண்டாள். உறை விட்டுப்போகவில்லை. ஆனால் போசி இப்போது ஒன்றுதான், ஒரு போசியை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று நினைத்தபோது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

கஷ்டப்பட்டவர்கள் படகு வீட்டுக்காரர்கள்தான். கால்வாயிலேயே படகு கட்டி அதிலேயே குடியிருக்கிறவர்கள் அவர்கள். பிறந்ததிலிருந்து ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய அவர்களது குழந்தைகள், படகு அசையாமல் நின்றதும் வீறிட்டு அழ ஆரம்பித்தன, பகலெல்லாம் அழுதன, கரையில் பாதி ஊருக்குக் காது அடைத்தது. மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. மெல்போர்ன் பெட்டியைத் திறந்து நூல் சேலைகளை உருவி, நெல்லாக்கா வீட்டு உத்தரத்தில் வரிசையாகத் தூளி கட்டினாள். பச்சைக் கண்ணும் வெள்ளைப் புருவமுமாக இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றையும் வாங்கிப் போட்டு, ஒரு கையால் ஒன்றும் காலால் ஒன்றுமாக ஆட்டினாள். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கின. அதைப் பார்த்துவிட்டு அந்த வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் மேசைத் துணியிலும் ஜன்னல் திரையிலும் தூளி தொங்க ஆரம்பித்தது.

வாசலில் நின்று சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவர் பார்த்து வருஷங்களாகியிருந்தன. இவளுக்கு மனசெல்லாம் பேரப்பிள்ளைகள்மேல்தான் இருக்கிறது, போகட்டும், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு, வேலையற்றுப்போன படகுக்காரர்களோடு பாலத்தடியில் போய் உட்கார்ந்தார். அவர்கள் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தார்கள், சீட்டாடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜன்னலிலிருந்து மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். நான் இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார், பரவாயில்லை, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்து, தூளியை வேகமாக ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவர், "மாத்திரை போட்டயா?" என்று கேட்டார். அவள், "போட்டனுங்," என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

வாரம் முடியப் போகிற சமயத்தில் தயிர் புளிக்கத் தொடங்கியது. வெயில் பக்கத்தார் ஜாமை இரட்டிப்பாகப் போட்டுப் பார்த்தார்கள், சமாளிக்க முடியவில்லை. காற்று அடித்தால் பல் கூசியது. நகராட்சி பம்ப்பு வைத்து உறிஞ்சியது, பம்ப்பு அடைத்துக்கொண்டது. படகு மோட்டாரைப் போட்டுப் பார்த்தார்கள், தயிர் தெறித்து மாதா கோயில் கோபுரம்வரை அப்பிக்கொண்டது. கடைசியில் ஹென்ட்ரிக் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நெல்லாக்கா வீட்டு உச்சி அறைக்கு ஏறி வந்து, குனிந்தபடியே நின்று, "அம்மையீர், தங்களது தயிரை இனி என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று ஃபோன் வழியாகக் கேட்டார்.

"புளிச்ச தயிர என்ன பண்ணுவாங், கடையறதுதான்," என்றாள் மயிலாத்தாள். மத்து எப்படி இருக்கும், கயிற்றை எப்படிச் சுற்றுவது என்று கையிலேயே ஆட்டிக் காட்டினாள். ஹென்ட்ரிக்கின் முகம் புதுச் சட்டை கிடைத்த பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. படிக்கு இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டு ஓடினார். பழைய கப்பலின் பாய்மரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கால்வாயில் விழுந்த சைக்கிள்களை எடுத்து நகராட்சி குவித்து வைத்திருந்த இடத்திலிருந்து சக்கரங்களை அள்ளி வந்து, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடியில் கட்டி, பாலத்தின் நடுவில் வளையம் போட்டு மத்தை நிறுத்தினார். அதற்கேற்ற கயிறு ஊரிலேயே இல்லை. அப்போது நெல்லாக்கா தன் வீட்டு நெற்றிக் கொக்கியிலிருந்து வடத்தைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டாள். அடுத்த வீடு கழற்றியது, அதற்கடுத்த வீடு கழற்றியது, எதிர் வரிசையும் கழற்றியது, எல்லாக் கொக்கிகளின் கயிறும் முடிச்சுப் போட்டு ஒரே கயிறாகி மத்தைச் சுற்றியது.

ஒரு நுனி வெயில் பக்கத்தார் கையில், இன்னொரு நுனி நிழல் பக்கத்தார் கையில். மயிலாத்தாள் பாலத்தின் மேல் நின்று சொல்லச் சொல்ல எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று, சுற்றுலாப் படகின் ஒலிபெருக்கியில் ஃபோனைப் பொருத்தி அவள் கையில் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் சென்னியப்பன். ஆரம்பிக்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், பாலத்து வர்ணத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தம் பிடித்து இழுத்தது. கயிறு முறுக்கேறி முனகியது. மத்து ஒரு விரற்கடைகூடத் திரும்பவில்லை.

"ரெண்டு பக்கமும் இழுத்தா எப்படீங் சுத்தும்? ஒருத்தர் இழுக்கறப்ப ஒருத்தர் விடோணும்," என்றாள் மயிலாத்தாள். ஒலிபெருக்கி அதை ஊர்ப் பாஷையில் முழங்கியது.

"அதத்தான் அன்னைக்கு நானுஞ் சொன்னேன். நீ போசிய விட்டிருந்தீன்னா இத்தன கூத்தும் நடந்திருக்குமா?" என்றார் சென்னியப்பன். அதையும் ஒலிபெருக்கி முழங்கியது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"நான் விடோணுமா? கண்ணாலமாயி வந்த நாள்லயிருந்து நாந்தானுங் விட்டுட்டிருக்கறேன். நீங்க எதையாச்சும் விட்டிருக்கீங்களா? மெல்போர்னுக்கு என்னைய விடறதுக்கு மட்டும் உங்களுக்கு அப்படி லேசா மனசு வந்துருச்சுங்களா?"

"நானெங்க விட்டேன்? நீதான் பொட்டி கட்டுனே."

"ஒரு வார்த்த போகாதேன்னு சொல்லுவீங்கன்னு பாத்துப் பாத்துக் கட்டுனனுங். பூட்டு போடற வரைக்கும் பாத்தனுங். பொட்டி கனக்குதான்னு தூக்கிப் பாத்தீங்களே, வேற என்ன கேட்டீங்?"

சென்னியப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பேரப்புள்ளைகளுக்குன்னு போறவள எப்படி மயிலா நிறுத்தறது? அந்தக் கொழந்தைகளத் தூளியில ஆட்டறப்ப உன்ற மொகத்தப் பாத்தேன். அதக் கெடுக்கறதுக்கு எனக்கு மனசு வரல. யுவராசு ஊட்டுல எனக்கு ஒரு ரூமு குடுத்துருக்கறான். ஏசி இருக்குது, டிவி இருக்குது. அந்த ரூமுக்குள்ள போயி நான் யாருகிட்ட மாத்திரை போட்டயான்னு கேக்கறது?"

ஃபோன் அதையும் விடவில்லை. குளிர்பதனமும் தொலைக்காட்சியும் உள்ள அறையில் தாம் எவரிடம் மருந்து உட்கொண்டாயா என்று வினவுவது என்பதன் அந்த ஊர் வடிவம், கால்வாய் நெடுகப் போய், வளைவில் திரும்பி, பின்னால் நின்றவர்கள்வரை போய்ச் சேர்ந்தது. வெயில் பக்கம் கயிற்றை விட்டுவிட்டது. நிழல் பக்கமும் விட்டுவிட்டது. அத்தனை பேரும் பாலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் இரண்டு பேரும் கண்டார்கள். மயிலாத்தாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

நெல்லாக்கா கீழேயிருந்து கத்தினாள். எதிர்க் கரையில் ஒருவர் கத்தினார். பிறகு எல்லாரும் கத்தினார்கள், இரண்டு வரிசையும் ஒரே விஷயத்தை ஒரே குரலில் கத்தியது அந்த ஊர் வரலாற்றில் அதுவே முதல் தடவை. ஃபோன் திக்குமுக்காடி, "செல்ல வேண்டாம். செல்ல வேண்டாம். செல்ல வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்," என்றாள் மயிலாத்தாள் முந்தானைக்குள்ளிருந்து.

"போகாத மயிலா."

அவள் அங்கேயே நின்று தன் ஃபோனில் மகளைக் கூப்பிட்டாள். "கண்ணு, அந்த டிக்கெட்ட மாத்திப்போடு. இப்ப நான் அப்பங்கூட ஊருக்குப் போறேன். உன்ற பேறுகாலத்துக்கு நாளிருக்குதல்லொ, அப்பனுக்கும் விசா வரட்டும், சோடியா வாறோம்."

"அப்பாக்கு இங்க தனி ரூம் இல்லியேம்மா," என்றாள் சுகந்தி.

"தனி ரூமு எதுக்குடி? எனக்கு ஒதுக்குனதுல அவுரு படுக்க மாட்டாரா?"

ஒலிபெருக்கி ஃபோன் இன்னும் செல்ல வேண்டாம் என்பதிலேயே சிக்கிக் கிடந்ததால், என்ன முடிவாயிற்று என்று தெரியாமல் ஊர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பாலத்துக் கல்லின்மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மெல்போர்ன் ஷிப்மென்ட், கேன்சல்!" என்று கத்தினார். வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னது அன்றைக்குத்தான். ஊர் தொப்பிகளைத் தூக்கிப் போட்டது.

அதற்குப் பிறகு கடைவது ஒரு கஷ்டமாகவே இல்லை. வெயில் பக்கம் இழுத்தபோது நிழல் பக்கம் விட்டது, நிழல் பக்கம் இழுத்தபோது வெயில் பக்கம் விட்டது, பாய்மரம் சலசலவென்று சுற்ற, சைக்கிள் சக்கரங்கள் தயிரை உடைக்க, படகு வீடுகள் மெல்ல ஆட ஆரம்பித்து, உள்ளே குழந்தைகள் தூங்கிப்போயின. நம்ம புராணத்தில் கடைந்தால் முதலில் விஷம்தான் வரும் என்று சென்னியப்பன் பயந்துகொண்டிருந்தார், வந்தது சைக்கிள்கள். பிறகு குடைகள், ஒரு பியானோ முக்காலி, யாருடையதோ பல்செட்டு, அதை ஒரு கிழவர் அடையாளம் சொல்லி வாங்கித் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு சக்கரக் கம்பியில் கைப்பிடி மாட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மயிலாத்தாளின் போசி வந்தது. அதற்கும் பிறகு வெண்ணெய் திரண்டது, சின்னத் தீவு அளவுக்குத் திரண்டு மிதந்தது, ஹென்ட்ரிக் அதை வீட்டுக்கு இவ்வளவு என்று வாய்க்கால் மண்வெட்டியால் வெட்டிக் கொடுத்தார். மோர் மதகு வழியாகக் கடலுக்குப் போயிற்று. கடற்பறவைகள் குடித்துவிட்டுப் பகலெல்லாம் மணலில் படுத்துக் கிடந்தன. பாலத்துக்கு வெண்ணெய் நிறமே அடித்துவிடலாம் என்று இரண்டு வரிசையும் சேர்ந்து முடிவு செய்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மயிலாத்தாள் உச்சி அறையில் தயிரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இரண்டு போசிகள், இரண்டிலும் பாதிப் பாதி. சென்னியப்பன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊருல இருந்து வாறப்பவே ரெண்டு கொண்டாந்தியே, எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்குன்னு கொண்டாந்தனுங்," என்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி கட்டியபோதே அவள் எவ்வளவு தூரம் நினைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது, கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. மயிலாத்தாள் ஒரு போசியை அவர் மடியில் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு படியிறங்கி நெல்லாக்காவின் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த நெல்லாக்கா போசியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். மயிலாத்தாளின் சட்டம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பாலத்தின்மேல் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு மேலே பொழுதும் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டனவே," என்றது ஃபோன் கவலையாக. "இப்போது வழங்கினால் தங்கள் இல்லத்துச் செல்வம் வெளியேறிவிடும் அல்லவா?"

"எது போகக் கூடாதோ அது மேல உக்காந்துட்டிருக்குது, நாளைக்கு எங்கூடத்தானுங் வருது," என்றாள் மயிலாத்தாள். "புடிங் நெல்லாக்கா."

நெல்லாக்கா இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து வாங்கிக்கொண்டாள். மேலேயிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது.

"மயிலா, மாத்திரை போட்டயா?"

"வந்து போடறனுங்," என்று சொல்லிக்கொண்டே அவள் படியேறினாள்.